பஸ்ஸைத் திட்டாதீர்கள், பசங்களையும் திட்டாதீர்கள்

போன வருடம் நடந்த ஒரு செமி ஃபைனலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் படித்த பள்ளியின் 14 வயதுக்குட்பட்டோர் ஃபுட்பால் டீமுக்கு வார இறுதிகளில் உதவிக் கோச்சாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சம்பளமெல்லாம் கிடையாது. ஒரு டீ, ஒரு சமோசா, "அண்ணா, அண்ணா" என்று சுற்றி வரும் பதினெட்டு வாண்டுகள். அவ்வளவுதான்.

அன்றைக்கு எதிர் டீம் ஒரு சின்னப் பள்ளி. முதல் நிமிடத்திலிருந்தே பத்துப் பேரையும் தங்கள் பெனால்டி பாக்ஸ் வாசலில் நிறுத்திவிட்டார்கள். பந்து முழுக்க எங்களிடம்தான். இடது பக்கம் போவோம், கிராஸ் போடுவோம், அவர்கள் ஸ்டாப்பர் தலையால் முட்டி வெளியே அனுப்புவான். வலது பக்கம் போவோம், கிராஸ் போடுவோம், அதே ஸ்டாப்பர், அதே முட்டு. பையனுக்கு அதற்குள் மீசை முளைத்திருந்தது, எங்கள் ஸ்ட்ரைக்கரைவிட ஒரு தலை உயரம். நான் சைட்லைனில் உட்கார்ந்து எண்ணினேன்: மொத்தம் 31 கிராஸ். அதில் எங்கள் பையன் தலையில் பட்டது மூன்று. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரே ஒரு கவுன்டர் அட்டாக் கிடைத்தது. கோல். 0-1. முடிந்தது கதை.

திரும்பி வரும்போது வேனில் பெரியவர் ஒருவர் சொன்னார், "உங்களுக்கு வெறி இல்லடா. வெறி இருந்திருந்தா கோல் விழுந்திருக்கும்." பசங்க தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் லெஃப்ட் விங்கர், 13 வயது, வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இந்த "வெறி இல்லை" என்ற வார்த்தை எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடி ஓடி நாக்குத் தள்ளிய பசங்களிடம் வெறி இல்லையாம்! அவர்களிடம் இல்லாதது வெறி இல்லை, விடை. அந்த விடையை யாரும் சொல்லித்தரவில்லை. அந்த யாரும்-இல் நானும் உண்டு. அன்று சைட்லைனில் நின்று "கிராஸ் போடு, கிராஸ் போடு" என்று தொண்டை கிழியக் கத்தியது சாட்சாத் நானேதான்.

அதனால் இந்தக் கட்டுரை ஒரு விதத்தில் பிராயச்சித்தம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு டீம் முழுசாகப் பின்னால் போய் நின்று தடுத்தால் அதை உடைப்பது அதிர்ஷ்டமும் இல்லை, வெறியும் இல்லை. சொல்லிக்கொடுக்கக்கூடிய, பயிற்சி செய்யக்கூடிய ஒரு வேலை. அதைச் சொல்லிக்கொடுக்காமல் பசங்களையோ எதிர் டீமையோ திட்டுவது கோச்சின் சோம்பேறித்தனம்.

முதலில் எதிர் டீமைத் திட்டுவது பற்றி. "பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்" என்ற வசவு பிரபலமானது 2004 செப்டம்பரில். செல்சீ தன் சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமுடன் 0-0 என்று டிரா செய்தது. கோல் போஸ்டுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் போர்ச்சுகலில் சொல்வோம் என்கிற மாதிரி அலுத்துக்கொண்டார் செல்சீயின் மேனேஜர் ஜோசே மொரின்யோ. வேடிக்கை என்னவென்றால், உலகத்திலேயே அழகாக பஸ் நிறுத்துகிறவர் என்று பின்னாளில் பெயர் வாங்கியதும் அதே மொரின்யோதான். 2010 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய இன்டர் மிலான் பார்சிலோனாவின் கேம்ப் நௌவில் 28-வது நிமிடத்திலேயே பத்துப் பேராகக் குறைந்துவிட்டது. மெஸ்ஸி, சாவி எல்லாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டி மோதி எடுத்தது ஒரே ஒரு கோல், அதுவும் 84-வது நிமிடத்தில். மொத்தக் கணக்கில் 3-2 என்று இன்டர் ஃபைனலுக்குப் போய் கோப்பையையும் தூக்கியது.

2004 யூரோவில் கிரீஸ் இன்னும் பெரிய உதாரணம். யாருமே சட்டை செய்யாத டீம். கோச் ஓட்டோ ரெஹாகல் பின்னால் ஒழுங்காக நிற்கச் சொல்லிக்கொடுத்தார், கிடைக்கிற கார்னரில் முட்டச் சொன்னார். ஃபைனலில் லிஸ்பனிலேயே போர்ச்சுகலை 1-0 என்று தோற்கடித்தார்கள். கோல், சொல்லவே வேண்டாம், கார்னரிலிருந்து.

பள்ளித் தமிழில் புறத்திணை படித்தது ஞாபகம் இருக்கிறதா? கோட்டையை வளைத்து முற்றுகையிடுவது உழிஞை. உள்ளே நின்று கோட்டையைக் காப்பது நொச்சி. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பூ கொடுத்து வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். உள்ளே நின்று காத்தவனைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை. பலம் குறைந்தவன் மதிலுக்குப் பின்னால் நிற்பது அவன் உரிமை. மதிலை உடைக்க வழி தேடுவது நம் வேலை. வெளியே நின்றுகொண்டு "ஏன்டா கதவைச் சாத்தினாய்" என்று கேட்பது எந்தத் திணையிலும் வராது :-)

சரி, மதில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பெரிய மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெனால்டி பாக்ஸின் அகலம் 40 மீட்டர் சொச்சம். பின்னால் போய் நிற்கும் டீம் என்ன செய்கிறது? பாக்ஸ் வாசலில் நாலு அல்லது ஐந்து பேர் ஒரு வரிசை. அவர்களுக்குப் பத்தடி பதினைந்தடி முன்னால் நாலு பேர் இன்னொரு வரிசை. இரண்டு வரிசையும் பாக்ஸின் அகலத்துக்கு ஒடுங்கி நிற்கும். இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, டிஃபென்ஸுக்குப் பின்னால் இடமே இல்லை. லாங் பால் போட்டால் நேரே கீப்பர் கைக்குப் போகும். வேகமான ஸ்ட்ரைக்கர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு, நடுவில் நெரிசல். தி.நகர் ரங்கநாதன் தெரு தீபாவளி மாதிரி. ஆனால் ஓரங்களில் இரண்டு பக்கமும் 14 மீட்டர் சும்மா கிடக்கிறது. அதை வேண்டுமென்றேதான் விட்டு வைக்கிறார்கள். "வா ராஜா, அங்கே போ, அங்கிருந்து கிராஸ் போடு" என்கிற அழைப்பிதழ் அது. நாங்கள் 31 தடவை அந்தக் கல்யாணத்துக்குப் போனோம்.

எங்களுக்காவது விவரம் பத்தாது. 2014 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் இதையே செய்தது. அப்போது அட்டவணையில் கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹாம், ஓல்ட் டிராஃபோர்டில் வந்து பாக்ஸுக்குள் குந்திவிட்டது. டேவிட் மோய்ஸின் யுனைடெட் ஒரே ஆட்டத்தில் போட்ட கிராஸ் 80-க்கும் மேல். ஆட்டம் 2-2. கடைசி நிமிடத்தில் ஈக்வலைசர் போட்டது ஃபுல்ஹாம். தூரத்திலிருந்து தூக்கிப் போடும் கிராஸ் ஏன் வேலை செய்வதில்லை? ஸ்டாப்பர் பந்தைப் பார்த்தபடி நிற்கிறான், அவன் உயரமானவன், எம்பி முட்டுவது அவன் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. நாம் அவனுக்குப் பிடித்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அவன் சென்டம் வாங்காமல் என்ன செய்வான்?

"அப்படியானால் தரையிலேயே பாஸ் பண்ணுவோம், பொறுமையாக இருப்போம்" என்பது அடுத்த கட்சி. அதன் கதியை ஸ்பெயின் இரண்டு தடவை காட்டிவிட்டது. 2018 உலகக் கோப்பை, மாஸ்கோ. ரஷ்யாவுக்கு எதிராக 120 நிமிடத்தில் 1,000-க்கும் அதிகமான பாஸ். கிடைத்த ஒரே கோல் ரஷ்யாவே போட்டுக்கொண்ட ஓன் கோல். பெனால்டியில் வெளியே. 2022 கத்தார். இந்த முறை மொராக்கோ. மறுபடி 1,000-க்கு மேல் பாஸ். 0-0. பெனால்டி ஷூட்அவுட்டில் ஸ்பெயின் ஒன்றைக்கூட உள்ளே தள்ளவில்லை, 0-3. பஸ்ஸுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தால் பஸ் நகராது. பாஸ் என்பது எதிராளியை நகர்த்துவதற்கு. அவன் நகரவில்லை என்றால் அது பாஸ் இல்லை, நேரம் போக்குதல்.

மூன்றாவது கட்சி, "தூரத்திலிருந்து அடிடா". பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்டில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. அதுவும் முன்னால் எட்டுக் கால்கள் மறித்துக்கொண்டு நிற்கும்போது. நாலாவது கட்சி, "இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்கு". ஏற்கெனவே நெரிசலான இடத்தில் இன்னும் இரண்டு பேரைத் தள்ளினால் நெரிசல் கூடும். எதிராளிக்கு வேலை மிச்சம்.

பின்னே என்னதான் செய்வது?

நம் ஊர் கபடியில் இதற்கு விடை இருக்கிறது. ரெய்டு போகிறவன் ஏழு பேர் கைகோத்து நிற்கிற சங்கிலியின் நடுவில் நேரே போய் விழுவதில்லை. இடது கார்னரைத் தொடுகிற மாதிரி ஒரு பாவ்லா. சங்கிலி அந்தப் பக்கம் சாயும். ஒருத்தன் ஆசைப்பட்டு ஒரு அடி முன்னால் வருவான். அந்த ஒரு அடிதான் ரெய்டருக்கு வேண்டியது. ஃபுட்பாலிலும் அதேதான். உடைக்க வேண்டியது பஸ்ஸை இல்லை. ஒரே ஒரு ஆளை, ஒரே ஒரு அடி, அவன் நிற்க வேண்டிய இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். எல்லாப் பயிற்சியும் அந்த ஒரு அடிக்காகத்தான்.

முதல் பாடம்: அகலம். இரண்டு பக்கமும் ஒருத்தன் டச் லைனை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருத்தன்தான், இரண்டு பேர் இல்லை. அவனுக்குப் பந்து வராவிட்டாலும் நிற்க வேண்டும். அவன் அங்கே நின்றால் எதிர் டீமின் சைட் பேக்குக்கு இரண்டு மனசு. அவனைக் கவனிக்க வெளியே போவதா, ஸ்டாப்பர் பக்கத்திலேயே நிற்பதா? வெளியே போனால் சைட் பேக்குக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் ஒரு சந்து திறக்கும். போகாவிட்டால் விங்கர் தனியே பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வருவான். பஸ்ஸை உடைக்கிற எல்லா நல்ல கோலுக்கும் பின்னால் இந்தச் சந்து இருக்கிறது. பெப் குவார்டியோலா பயிற்சி மைதானத்தையே நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிரித்து, யார் எந்தப் பட்டையில் நிற்கலாம் என்று கணக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்தது இந்தச் சந்துக்காகத்தான்.

இரண்டாம் பாடம்: வேகம். ஓடுகிற வேகம் இல்லை, பந்து மாறுகிற வேகம். பந்து இடது ஓரத்தில் இருந்தால் மொத்த மதிலும் இடது பக்கம் நகரும். அங்கிருந்து இரண்டே பாஸில் வலது ஓரத்துக்குப் போனால் மதில் ஓடி வர வேண்டும். ஓடி வரும்போது எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட மாட்டார்கள், சந்து திறக்கும். அதையே ஆறு பாஸில், ஒவ்வொருத்தனும் மூன்று டச் எடுத்து, நிறுத்தி நிதானமாகக் கொண்டுபோனால் மதில் டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்துவிடும். ஆயிரம் பாஸ் போட்ட ஸ்பெயினுக்கும் கோல் போடுகிற டீமுக்கும் பாஸ் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, இங்கேதான்.

மூன்றாம் பாடம்: மூன்றாவது ஆள். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2012 மே 13. மான்செஸ்டர் சிட்டி 44 வருடம் கழித்து சாம்பியன் ஆக வேண்டுமென்றால் ஜெயித்தே ஆக வேண்டும். கியூ.பி.ஆர். 55-வது நிமிடத்திலேயே ஒரு ஆளை இழந்தும், பத்துப் பேரோடு 2-1 என்று முன்னால் இருக்கிறது. மொத்த டீமும் பாக்ஸில். இன்ஜுரி டைமில் ஒரு கார்னரில் ஜெக்கோ முட்டி 2-2. அதற்குப் பிறகு வந்த அகுவேரோவின் கோலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கமென்டேட்டர் கத்தியதையும் கேட்டிருப்பீர்கள். சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். அகுவேரோ பாக்ஸிலிருந்து வெளியே இறங்கி வந்து பந்தை வாங்குகிறார். பாக்ஸ் வாசலில் முதுகைக் காட்டி நிற்கும் பாலோடெல்லியிடம் கொடுக்கிறார். கொடுத்த கையோடு, தப்பு, கொடுத்த காலோடு உள்ளே ஓடுகிறார். பாலோடெல்லி விழுந்துகொண்டே பந்தைத் தட்டிவிடுகிறார். அவ்வளவு கிராஸும் செய்யாததை, தரையில் இரண்டு பாஸும் ஒரு ஓட்டமும் செய்தது. டிஃபென்டர்கள் பந்தைப் பார்த்தார்கள், பாலோடெல்லியைப் பார்த்தார்கள். பந்து இல்லாமல் ஓடி வருகிறவனைப் பார்க்க அவர்களுக்கு மூன்றாவது கண் இல்லை.

நாலாம் பாடம்: கட்பேக். கிராஸே போடாதே என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து போடுகிறாய் என்பதுதான் விஷயம். அந்தச் சந்து வழியாகப் புகுந்து கோல் லைன் வரைக்கும் போய், அங்கிருந்து தரையோடு பின்பக்கமாகத் தள்ளினால் அது வேறு ஜாதிப் பந்து. டிஃபென்டர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்தைப் பார்த்தால் பின்னால் வருகிற ஆள் தெரியாது, ஆளைப் பார்த்தால் பந்து தெரியாது. நம் ஆள் பெனால்டி ஸ்பாட் பக்கம் நின்ற இடத்தில் நின்றே அடிக்கலாம். மீசை முளைத்த ஸ்டாப்பரின் உயரத்துக்கு இங்கே மரியாதையே இல்லை.

ஐந்தாம் பாடம்: ஒரே ஆயுதத்தை நம்பாதே. இதற்கு 2010 உலகக் கோப்பையின் ஸ்பெயினைப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்து பஸ் நிறுத்தி 1-0 என்று கவிழ்த்தது. அதே ஸ்பெயின்தான் சாம்பியன் ஆனது, மொத்தம் 8 கோல் மட்டும் அடித்து. நாக்அவுட்டில் நாலு ஆட்டமும் 1-0. ஆனால் நாலும் நாலு விதம். போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டாம் பாதியில் டோரஸை எடுத்துவிட்டு உயரமான லொரென்டேவை இறக்கினார் கோச் டெல் போஸ்கே. ஸ்டாப்பர்களுக்கு அவரோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. சில நிமிடத்தில் சாவியின் ஒரு குதிகால் பாஸில் வீயா கோல். அந்த உலகக் கோப்பையில் போர்ச்சுகல் வாங்கிய ஒரே கோல் அதுதான். பராகுவேக்கு எதிராக 83-வது நிமிடத்தில் இனியெஸ்டா நடுவில் பந்தோடு ஆட்களைக் கடந்து போய் மதிலைக் கலைத்தார், பெட்ரோவின் ஷாட் போஸ்டில் பட்டு வர, வீயா. ஜெர்மனிக்கு எதிராக ஒரு கார்னர், புயோலின் முட்டு. குட்டிப் பாஸுக்குப் பெயர் போன டீமை ஃபைனலுக்குக் கொண்டுபோனது ஒரு கார்னர் என்பதை மறக்க வேண்டாம். பஸ் நிறுத்துகிறவன் கார்னரும் ஃப்ரீ கிக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பான். அதைப் பயிற்சி செய்யாத டீம் கையில் வாங்கிய சில்லறையை எண்ணாமல் போகிற டீம்.

ஆறாம் பாடம்தான் மிக முக்கியம், மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் இதுதான்: அட்டாக் செய்யும்போதே டிஃபென்ஸ். 2012 ஏப்ரலில் கேம்ப் நௌவில் செல்சீ. ஜான் டெர்ரிக்கு 37-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. பார்சிலோனா 2-0. இத்தோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில், பாதி முடிவதற்குள் ராமிரெஸ் ஒரு கவுன்டரில் ஓடிவந்து கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். இரண்டாம் பாதியில் மெஸ்ஸி பெனால்டியை பாரில் அடித்தார். எல்லாரும் முன்னால் குவிந்திருந்த கடைசி நிமிடத்தில் டோரஸ் தன்னந்தனியாக மைதானத்தின் பாதியைக் கடந்து வந்து 2-2 ஆக்கினார். பார்சிலோனா வெளியே. பஸ் நிறுத்துகிறவன் காத்திருப்பதே அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான். எங்கள் 0-1-ம் அப்படித்தான் வந்தது. எங்கள் சைட் பேக் இரண்டு பேரும் கிராஸ் போடப் போயிருந்தார்கள். பின்னால் ஒரே ஒரு பையன். அவனைத்தான் எல்லாரும் வேனில் முறைத்தார்கள். மூன்று பேர் பின்னால் நிற்க வேண்டும், பந்து பறிபோன மறு நொடியே பக்கத்தில் இருக்கிறவர்கள் போய் மொய்க்க வேண்டும் என்று யார் அவர்களுக்குச் சொன்னது? யாரும் இல்லை.

இதையெல்லாம் எப்படிப் பயிற்சி கொடுப்பது? பெரும்பாலான பள்ளிகளில் ட்ரெயினிங் என்றால் நாலு ரவுண்டு ஓட்டம், ஆளே இல்லாத கோலில் வரிசையாக நின்று ஷூட்டிங், கடைசியில் ஒரு மேட்ச். காலியான வீட்டில் பூட்டு திறக்கப் பழகுகிற மாதிரி. நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். பாதி மைதானத்தில் எட்டுப் பேர் அட்டாக், ஏழு பேரும் கீப்பரும் பாக்ஸ் வாசலில் டிஃபென்ஸ். கட்பேக்கில் விழுகிற கோலுக்கு இரண்டு மதிப்பெண், மற்ற கோலுக்கு ஒன்று. டிஃபென்ஸ் பந்தைப் பிடுங்கினால் நடுக்கோட்டில் செருப்பு வைத்துச் செய்த இரண்டு குட்டிக் கோல், அதில் எட்டு நொடிக்குள் அடித்தால் அவர்களுக்கு இரண்டு மதிப்பெண். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு டச்தான் அனுமதி. விங்கருக்கு எத்தனை டச் வேண்டுமானாலும். பாதியில் அட்டாக்கும் டிஃபென்ஸும் இடம் மாற வேண்டும். மதிலுக்குள் நின்று பார்த்தவனுக்குத்தான் எந்தச் செங்கல் ஆடுகிறது என்று தெரியும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. கோன் வாங்கக் காசில்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும். "மெஸ்ஸி மாதிரி ஒருத்தன் இருந்தால் உடையும், இல்லாவிட்டால் உடையாது, இதில் கோச் என்ன கிழிக்கப் போகிறார்?" பாதி உண்மை. ஒருத்தனைக் கடந்து போகத் தெரிந்தவன் இல்லாமல் பஸ் உடைவது கஷ்டம். ஆனால் அவனை மூன்று பேருக்கு நடுவில் நிறுத்துவதா, ஒருத்தனுக்கு எதிரில் நிறுத்துவதா என்பது கோச்சின் வேலை. 2010-லும் 2012-லும் மெஸ்ஸியே அதே கேம்ப் நௌவில் இருந்தார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, "சின்னப் பசங்களுக்கு இவ்வளவு எதற்கு, ஜாலியாக விளையாடட்டும்." எனக்கும் ஜாலிதான் வேண்டும். ஆனால் 31 தடவை ஒரே சுவரில் முட்டிக்கொண்டு, கடைசியில் வெறி இல்லை என்று திட்டும் வாங்குவதில் என்ன ஜாலி இருக்கிறது? புரியாமல் தோற்பதுதான் குழந்தைகளை ஃபுட்பாலை விட்டே ஓட வைக்கிறது. ஏன் தோற்றோம் என்று தெரிந்து தோற்றால் மறுநாள் கிரவுண்டுக்கு வருவார்கள்.

இதில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. எங்கள் லெஃப்ட் விங்கரிடம் "நீ லைனை மிதித்துக்கொண்டு நில், பந்து வராவிட்டாலும் உள்ளே போகாதே" என்று சொன்னபோது அவன் முகம் விழுந்துவிட்டது. தண்டனை என்று நினைத்துவிட்டான். அன்று வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன் அவன்தான். ஒரு ஆட்டத்தில் அவன் பந்தைத் தொட்டதே ஏழெட்டு தடவை. அவன் அப்பா என்னிடம் வந்து, "தம்பி, என் பையனை ஏன் ஓரமா நிக்க வெச்சிருக்கீங்க? அவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் எதிர் டீமின் சைட் பேக்கை மட்டும் பாருங்கள் சார் என்றேன். பார்த்தார். அந்த சைட் பேக் இரண்டு அடி வெளியே வருவதும் உள்ளே போவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிஜமாகவே வெளியே வந்தான். சந்து திறந்தது. எங்கள் மிட்ஃபீல்டர் புகுந்து கோல் லைன் வரை போய்ப் பின்னால் தள்ள, கோல். போட்டவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில் ஏறியது. நம் விங்கர் பெயர் எங்கேயும் ஏறவில்லை. அவன் அப்பா மட்டும் எழுந்து நின்று மகனைப் பார்த்துக் கை தட்டினார்.

அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயிக்கவில்லை, 1-1. இதை உடைக்கிற ரகசியம் தெரிந்துவிட்டது, இனிமேல் வரிசையாகக் கோப்பைதான் என்று கதை விட எனக்கு ஆசை இல்லை. பஸ் பல நாள் நகராது. பார்சிலோனாவுக்கே நகராதபோது எங்களுக்கு எங்கே! ஆனால் அன்று வேனில் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. "அண்ணா, ரைட் சைடுல ஸ்விட்ச் லேட்டா பண்ணிட்டோம்ணா", "இல்லடா, நீ உள்ள ஓடவே இல்ல" என்று பள்ளி வாசல் வரைக்கும் சண்டை. வெறி இல்லையாம் வெறி.

உங்கள் பள்ளியிலோ தெருவிலோ டீம் நடத்துகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். எதிர் டீம் பத்துப் பேரையும் பின்னால் நிறுத்திவிட்டால் உங்கள் பசங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? "முயற்சி பண்ணுவாங்க" என்று பதில் வந்தால், அடுத்த தோல்விக்குப் பிறகு பசங்களைத் திட்டும் உரிமை அவருக்கு இல்லை. எனக்கும் போன வருடம் அது இருக்கவில்லை.